கப்பல் பிரயாணமும் வயிற்றுக் கோளாறும் நஷ்ட ஈடும்

(நமது நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நமது செயலாளர் போன் செய்து, "மாமா, நீங்க கப்பல்ல போயிட்டு வந்த கதையை இருபது நிமிஷம் சொல்லணும்" என்றார். "கதை பூராவும் பாத்ரூம்லதான் நடக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "நம்ம மெம்பர்ஸ் எல்லாருக்கும் அறுபதுக்கு மேல, அதுதான் அவாளுக்கு இண்ட்ரஸ்ட்" என்றார். ஆகவே பேசுகிறேன். இடையில் யாராவது எழுந்து போனால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து 1971-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். 38 வருஷ சர்வீஸில் பெரும்பகுதி க்ளெய்ம்ஸ் செக்‌ஷனில். வெல்ல மூட்டை நனைந்தது, துணி பேல் குறைந்தது என்று வரும் நஷ்ட ஈட்டு மனுக்களைப் பார்த்து, விதிப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதும், கொடுக்க வேண்டாததை நிராகரிப்பதும் வேலை. "ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வரவில்லை", "பேக்கிங் சரியில்லை" என்ற இரண்டு வாக்கியங்களை எத்தனை ஃபைலில் எழுதியிருப்பேன் என்று பகவானுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவன் 74-ஆவது வயதில் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் மனுவோடு நின்றேன்.

2023 டிசம்பரில் பெங்களூரில் இருக்கும் என் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபுக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரி கப்பல் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். கூட ஏழு வயசுப் பேரன். எங்கள் இருவருக்கு மட்டும் விமான டிக்கெட் உள்பட ஒரு டிராவல் கம்பெனிக்கு 2,36,000 ரூபாய் கட்டினேன். கம்பெனி பெயரும் கப்பல் பெயரும் இங்கே வேண்டாம், பின்னால் சமாதானமாகிவிட்டோம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஏற வேண்டியது. இரண்டு மணி நேரம் தாமதம். "கூடுதல் சுத்தம் செய்யும் பணி" என்று போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தவுடன் ப்ளீச்சிங் வாசனை. கெமிஸ்ட்ரி படித்த மூக்கு சும்மா இருக்குமா, குளோரின் என்று உடனே தெரிந்தது. ஏறும் முன் ஒரு ஃபாரம்: சமீபத்தில் வாந்தி, பேதி உண்டா? எல்லோரும் "இல்லை" என்று டிக் செய்தோம். அப்போது அது உண்மையும்கூட.

கப்பலைப் பற்றி வர்ணிக்கப் போவதில்லை, போட்டோ ஆல்பம் என் ஆத்துக்காரியிடம் இருக்கிறது, கேட்காமலே காட்டுவாள். சாப்பாடு மட்டும் சொல்கிறேன். வெஜிடேரியன் கவுண்டர் தனி, ஜெயின் சமையல்கூட உண்டு, தயிர் சாதம் கிடைத்தது. ஆனால் பஃபே. ஒரே இடுக்கியை, ஒரே கரண்டியை, வரிசையில் வரும் அத்தனை பேரும் தொட்டு எடுக்க வேண்டும். சமையல் சைவம்தான், கரண்டிக் காம்பு சைவமா அசைவமா என்று யார் சொல்வது! என் அம்மா இருந்திருந்தால் இதை ஒரே வார்த்தையில் "எச்சில்" என்று சொல்லி, பட்டினி கிடந்திருப்பாள். அதற்காக அந்தக் கால ஆசாரமெல்லாம் சயின்ஸ் என்று மார்தட்ட நான் தயாரில்லை. மடியாக இருந்த என் பாட்டிக்கும் காலரா வந்தது, குளத்து ஜலத்தைக் காய்ச்சாமல் குடித்ததால்.

புதன்கிழமை காலை ஆறு மணி, கப்பல் ஃபுக்கெட்டை நெருங்குகிறது. எங்கள் கேபினில் படுத்திருந்த பேரன் எழுந்து உட்கார்ந்து ஒரு வாந்தி, உடனே இன்னொன்று, கூடவே பேதி. பெண் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட போனை எடுத்தாள். மாப்பிள்ளை தடுத்தார். "மாமா, இப்ப ரிப்போர்ட் பண்ணினா நம்ம அஞ்சு பேரையும் ரூம்ல அடைச்சுடுவா. ஃபுக்கெட் டூருக்கு முழுப் பணமும் கட்டியாச்சு. குழந்தைக்கு ஏதோ ஒத்துக்கலை, மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆத்தில் பெரியவன் நான்தானே. "சரி, பார்த்துக்கலாம்" என்றேன். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லவில்லை. அவர் அபிப்பிராயம் கேட்டார், உத்தரவு போட்டது நான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் டூர் போனார்கள். நானும் ஆத்துக்காரியும் பேரனோடு இருந்தோம். தரையை பாத்ரூம் டவலால் நான்தான் துடைத்தேன். அப்புறம் கையில் சானிடைசரைத் தாராளமாக விட்டுத் தேய்த்துக்கொண்டேன். கோவிட் சமயத்தில் பழகிய பழக்கம். அன்று ராத்திரி பஃபேயில் வரிசையில் நின்று இடுக்கியைப் பிடித்து ரொட்டி எடுத்தேன். திங்களன்று பழக்கமான ஒரு குஜராத்தித் தம்பதி, அவருக்கு என்னைவிட மூன்று வயது அதிகம், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், எங்கள் மேஜையில்தான் சாப்பிட்டார்கள். அவருக்கும் ஒரு ரொட்டி நானே எடுத்து வைத்தேன்.

நிற்க. இங்கே கொஞ்சம் சயின்ஸ் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதிரிக் கப்பல் வியாதிக்குப் பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். 1968-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அந்த மாதிரியிலிருந்து 1972-ல் ஆல்பர்ட் கபிகியான் என்பவர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைரஸைக் கண்டுபிடித்தார். ஊர்ப் பெயரே வைரஸுக்கு வந்துவிட்டது. உடம்பில் புகுந்து 12-லிருந்து 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். ஒன்றிலிருந்து மூன்று நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போகும். நோயாளி வெளியேற்றுவது கோடிக்கணக்கில். அடுத்தவரைப் படுக்க வைக்க நூறுக்கும் குறைவான வைரஸ் போதும். 60 டிகிரி செல்ஷியஸ் சூட்டையும் தாங்கும், கைப்பிடி, கரண்டிக் காம்பு இவற்றில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வாந்தி எடுக்கும்போது நுண்ணிய துளிகளாகக் காற்றிலும் பரவும். குணமான பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் வந்துகொண்டிருக்கும்.

முக்கியமான விஷயம் சானிடைசர். கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஒரு உறை உண்டு. ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும், வைரஸ் செத்துப்போகும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. சட்டை போடாதவனிடம் போய் சட்டையைக் கிழிப்பேன் என்று மிரட்டுகிற மாதிரிதான். சானிடைசரை மட்டும் நம்பக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் இருபது விநாடி கழுவினால்தான் கையிலிருந்து இறங்கும். தரைக்கு ப்ளீச். இதெல்லாம் பி.எஸ்ஸி. படித்த எனக்கு அப்போது தெரியாதா என்று கேட்பீர்கள். உறை விஷயம் வந்த பிறகு படித்தது. ஆனால் வாந்தியைத் துடைத்த கையை சோப்பால் கழுவ வேண்டும் என்பது எட்டாம் கிளாஸிலேயே தெரியும்.

இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. வைத்தியம் எல்லாம் உடம்பில் நீர் வற்றாமல் பார்ப்பதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் பங்காவ் முகாமில் காலராவில் துவண்டபோது, சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அவர் காலமான பிறகு, 2023-ல், பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு பிசகக் கூடாது. அடுத்த தடவை என் பெட்டியில் ஊறுகாய்க்கு முன்னால் அந்த பாக்கெட்தான் போகும்.

கதைக்கு வருகிறேன். வியாழன் விடியற்காலை இரண்டு மணிக்கு ஆத்துக்காரி எழுந்தாள். ஐந்து மணிக்கு நான். கேபினில் ஒரே பாத்ரூம். ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு அவசரமாக ஒருவருக்கொருவர் கதவைத் தட்டியதில்லை. அப்போதும் நான் ரிப்போர்ட் செய்யவில்லை. சிங்கப்பூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். பகல் பன்னிரண்டு மணிக்கு அவள், "ஏன்னா, கண்ணை இருட்டிண்டு வரது" என்று சொல்லிக்கொண்டே கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தாள். கை சில்லிட்டிருந்தது. உள்நாக்கு வறண்டு பேச்சு சரியாக வரவில்லை. அப்போதுதான் போனை எடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் வீல்சேர் வந்தது. சலைன் ஏற்றினார்கள். பி.பி. மிகவும் இறங்கியிருந்ததாம். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அந்த நர்ஸ் கேட்ட கேள்விக்கெல்லாம், படுத்தபடியே, என் ஆத்துக்காரி ஒன்று விடாமல் உண்மையைச் சொன்னாள்: பேரனுக்கு எப்போது ஆரம்பித்தது, யார் துடைத்தது, யார் சாப்பிடப் போனது எல்லாம். நான் பக்கத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சலைனுக்கும் கண்காணிப்புக்கும் பில் 382 டாலர். வெள்ளியன்று சிங்கப்பூரில் இறங்கி, அன்றே விமானம் ஏற முடியாமல் ஹோட்டலில் தங்கி, டிக்கெட்டை மாற்றி, அதில் 47,600 ரூபாய். இன்ஷூரன்ஸ்காரர் மருத்துவ பில்லில் முதல் 100 டாலர் நம் பொறுப்பு என்று கழித்துக்கொண்டு மீதியை ஒழுங்காகக் கொடுத்தார். ஹோட்டலும் டிக்கெட்டும் கிடையாது என்றார். காரணம், "விமானத்தில் போகக்கூடாது" என்று டாக்டர் கைப்பட எழுதின சர்டிஃபிகேட் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. பேக்கிங் சரியில்லை!

பிறகு டிராவல் கம்பெனிக்கு எழுதினேன். "நாங்கள் புக்கிங் ஏஜெண்ட் மட்டுமே" என்று பதில். கப்பல்காரருக்கு எழுதினேன். டிக்கெட் ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை அனுப்பினார்கள். எழுத்து கடுகு அளவு. வழக்கு என்றால் வெளிநாட்டில்தான் போட வேண்டும் என்று ஒரு ஷரத்து. இது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். கப்பல் விரிப்பில் வழுக்கி விழுந்த ஒரு அம்மாள், தன் ஊர் வாஷிங்டன் மாநிலத்தில் போட்ட வழக்கில், டிக்கெட்டில் ஃப்ளோரிடா என்று அச்சடித்திருந்தால் ஃப்ளோரிடாதான் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி, கப்பல் கம்பெனி நோட்டீஸுக்கு ஆறு மாதமும் வழக்குக்கு ஒரு வருஷமும் கொடுத்தால் போதும். ஆறு மாதம்! படித்தபோது என் பழைய ரப்பர் ஸ்டாம்ப் ஞாபகம் வந்தது.

கப்பலில் வியாதி வந்தது என்பதாலேயே நஷ்ட ஈடு கிடைக்காது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1974-ல் ஏற்பட்ட ஏதென்ஸ் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு, கப்பல் பிரயாணிகளுக்கானது. கப்பல் மூழ்கியது, மோதியது என்றால் வேறு. இப்படி வயிற்று வியாதி என்றால் கப்பல்காரரின் தவறைப் பிரயாணிதான் நிரூபிக்க வேண்டும். இரண்டு வருஷக் கெடு. பிரயாணிகள் ஜெயித்த வழக்கும் உண்டு. 2011-ல் பூடிக்கா என்ற கப்பலில் நோரோவைரஸ் பிடித்தவர்கள் ஃப்ரெட் ஓல்சன் கம்பெனி மீது தொடுத்த வழக்கு 2016-ல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட் வரை போனது. வைரஸ் எப்படி வந்தது என்பதைவிட, அதைச் சமாளிக்கக் கம்பெனி தானே எழுதி வைத்திருந்த திட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினதா என்பதுதான் அங்கே கேள்வியாயிற்று. நடைமுறைப்படுத்தவில்லை என்று கீழ்க்கோர்ட் சொன்னதை மேல்கோர்ட்டும் ஒப்புக்கொண்டது.

இதைப் படித்ததும் எனக்குப் பாயிண்ட் கிடைத்துவிட்டது. திங்களன்று கூடுதல் சுத்தம், தாமதம், ப்ளீச் வாசனை: முந்தின டிரிப்பிலேயே அவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் புதன் ராத்திரி வரை பஃபேயில் எல்லோரும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். வியாழன் காலையில்தான் சிப்பந்திகள் கையுறை போட்டுப் பரிமாற ஆரம்பித்தார்கள். இதற்கெல்லாம் என் பெண்ணின் போனில் தேதி, மணியோடு போட்டோக்கள் இருந்தன. சாப்பாட்டைப் போட்டோ எடுக்கும் அந்தப் பழக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை.

வெளிநாட்டுக் கோர்ட்டுக்கு எங்கே போவது? நமது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு வருஷம். நான் 2024-ல் இ-தாகில் என்ற தளத்தில் மனுச் செய்தேன். 2025 ஜனவரியிலிருந்து அது இ-ஜாக்ரிதி என்று மாறியிருக்கிறது. தடுமாற்றம் இருந்தால் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் என்ற முறையில் டிராவல் கம்பெனியை முதல் எதிர்மனுதாரராகவும், கப்பல்காரரின் இந்தியப் பிரதிநிதியை இரண்டாவதாகவும் போட்டேன். கையை விட்டுப் போன செலவு 55,900 ரூபாய், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம். மனு ஒன்பது பக்கம். பேரன் வாந்தி எடுத்த விஷயத்தை மட்டும் அதில் எழுதவில்லை.

ஆணையம் எங்களைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண், என் பேத்தி வயசிருக்கும். மிகவும் மரியாதையாக, "சார், நீங்க ரயில்வே க்ளெய்ம்ஸ்ல இருந்தவர்னு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்து, கப்பல் மருத்துவக் குறிப்பின் நகலை நகர்த்தினாள். புதன் காலை 6 மணி, ஏழு வயதுப் பையன், வாந்தி, பேதி. தகவல் கொடுத்தது வியாழன் பகல் 12. "முப்பது மணி நேரம் சார். அன்னிக்கு ராத்திரி நீங்க எங்கே சாப்பிட்டேள்?"

எனக்குப் பதில் வரவில்லை. என் மனுவிலேயே அதற்குச் சாட்சி இருந்தது. புதன் ராத்திரி பஃபேயில் எடுத்த போட்டோவில், இடுக்கியோடு நிற்பது நான்தான்.

அவர்கள் பக்கமும் பலவீனம் இருந்ததால் பேச்சு முறியவில்லை. 42,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன். நான் அதிகாரியாக இருந்து அந்த ஃபைல் வந்திருந்தால் அதைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருப்பேன். கப்பல்காரர்களுக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. சொல்வது, அந்நாட்டில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களில் நடப்பது ஒரு சதவீதம்தான். மீதியெல்லாம் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஹோட்டல், பள்ளிக்கூடம் இந்த மாதிரி இடங்களில். அந்நாட்டுத் துறைமுகம் தொடும் கப்பலில் நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தாலே ஊரறிய அறிவித்துவிடுகிறார்கள். நம் கல்யாண சத்திரத்தில் முப்பது பேருக்கு வந்தால் யார் கணக்கு எடுக்கிறார்கள்?

அந்த குஜராத்தி நண்பரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். வெள்ளியன்று சிங்கப்பூரில் இறங்கும்போது அவரும் வீல்சேரில் இருந்தார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. வாட்ஸ்அப்பில் அவர் மனைவி செய்தி அனுப்பினபோது, "சீக்கிரம் குணமடைய பிரார்த்திக்கிறோம்" என்று பதில் போட்டேன், அவ்வளவுதான். அவருக்கு வந்தது என் கையிலிருந்தா, வேறு யாராவது பிடித்த இடுக்கியிலிருந்தா என்று எந்த லேபரட்டரியும் இப்போது சொல்ல முடியாது. சமரசம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் பேசவில்லை. ஆத்துக்காரி மட்டும் எப்போதாவது, "அவாளுக்குப் போன் பண்ணினேளா?" என்பாள்.

2025 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணினேன். பேரன் விஷயம், டவல், ரொட்டி, எல்லாவற்றையும் ஹிந்தியில் தட்டுத்தடுமாறிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவர், சூரத் வியாபாரி அல்லவா, கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது?"

சொன்னேன். எங்கே மனுச் செய்வது, கெடு என்ன என்று கேட்டார். டிசம்பர் வரை நாலு மாதம் பாக்கி இருந்தது. மனுவை நானே தயார் செய்து தருகிறேன் என்றேன். தயார் செய்து அனுப்பியும்விட்டேன், பதினோரு பக்கம். ஏழாவது பக்கத்தில், புதன்கிழமை காலை ஆறு மணி சமாசாரத்தை, என் பெயர் போட்டு, எழுதியிருக்கிறேன். அதை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று தன் பிள்ளையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

காபி வந்துவிட்டது போலிருக்கிறது. வாசல் பக்கம் குழாயில் சோப்பு வைத்திருக்கிறார்கள். நமஸ்காரம்.